அரசனிடம் ‘கூடாது’ என்றவர்கள்

1722 அக்டோபர். இஸ்ஃபஹான் நகரம் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. குதிரை, கழுதை, நாய், பூனை எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு, மரப்பட்டையையும் பழைய தோலையும் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள் மக்கள். தெருவில் விழுந்த பிணங்களை எடுத்துப் புதைக்க ஆளில்லை. உலகத்தில் பாதி என்று ஈரானியர் பெருமையோடு சொல்லிக்கொண்ட ஊர் அது.

அந்த ஊரிலிருந்து ஷா சுல்தான் ஹுசைன் வெளியே வந்தார். ஆப்கானியத் தலைவர் மஹ்மூதின் முகாமுக்குப் போனார். அரசுரிமையின் அடையாளமாகத் தன் தலைப்பாகையில் செருகியிருந்த மணி பதித்த இறகை எடுத்து, தன் கையாலேயே மஹ்மூதின் தலைப்பாகையில் சூட்டினார். இறைவன் தன்னிடமிருந்து ஆட்சியை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டான் என்று அவர் ஏற்றுக்கொண்டதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. சஃபவி வம்சத்தின் பெயர் 1736 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அரசு என்பது அன்றைக்கே முடிந்துபோயிற்று.

சுல்தான் ஹுசைன் கொடுங்கோலர் அல்லர். மார்க்கத்தில் மூழ்கியவர். ‘முல்லா ஹுசைன்’ என்றே அவரை அழைத்தார்கள். அமைச்சர்கள் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் ‘நல்லது, ஆகட்டும்’ என்று துருக்கி மொழியில் சொல்லிவிடுவாராம். அந்த வாசகமே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. அரியணை ஏறிய 1694-இலேயே மதுவைத் தடை செய்தார். அரண்மனை நிலவறையிலிருந்த ஆயிரக்கணக்கான மதுக்குப்பிகளை வெளியே கொண்டுவந்து ஊர் பார்க்க உடைத்தார்கள். சூஃபிகளைத் தலைநகரை விட்டே துரத்தினார்கள். மார்க்கச் சட்டத்தை இவ்வளவு மதித்த ஓர் அரசரிடமிருந்து இறைவன் ஏன் ஆட்சியைப் பறித்தான்?

பசியில் செத்துக்கொண்டிருந்த நகரத்துக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஆட்சியைக் கொடுப்பதும் எடுப்பதும் இறைவன் செயல் என்று நம்பும் சமுதாயத்தில், ஒரு பேரரசின் சரிவு படைத்தளபதிகளை மட்டும் பாதிக்கும் விஷயமாக இருக்க முடியாது. பள்ளிவாசல் மேடையில் நின்று பேசுபவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இஸ்தான்புல், இஸ்ஃபஹான், டெல்லி என்ற மூன்று தலைநகரங்களிலும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பதில்கள் சொல்லப்பட்டன. மக்கள் பாவத்தில் விழுந்தார்கள், அதனால் இறைவன் தண்டித்தான் என்பது ஒரு பதில். அரசு தன் நீதியைத் தொலைத்தது, அதனால் விழுந்தது என்பது இன்னொன்று. முதல் பதிலுக்குக் கைதட்டல் அதிகம். இரண்டாவதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது, ஏனென்றால் அது கேட்பவரின் பக்கமாக அல்லாமல் அரியணையின் பக்கமாக விரலை நீட்டியது.

மார்க்கம் அரசனுக்கு எதற்காக இருக்கிறது? அவன் வாளை வாழ்த்துவதற்கா, அந்த வாளைப் பிடித்து நிறுத்துவதற்கா? உதுமானிய, சஃபவி, முகலாய என்ற இந்த மூன்று பேரரசுகளின் எழுச்சியையும் சரிவையும் இந்தக் கேள்வியோடு படித்தால், வழக்கமான போர் அட்டவணையில் கிடைக்காத சில மனிதர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

அவர்களில் முதலாமவர் கூடைக்கார முஃப்தி. ஜென்பில்லி அலி ஜமாலி எஃபெந்தி 1503 முதல் 1526 வரை உதுமானியப் பேரரசின் தலைமை முஃப்தி. ‘ஜென்பில்’ என்றால் கூடை. இஸ்தான்புல்லில் தன் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடையைத் தொங்கவிட்டிருப்பார். மார்க்கச் சட்டத்தில் ஐயம் உள்ளவர்கள் கேள்வியைத் தாளில் எழுதிக் கூடையில் போட வேண்டும். அவர் மேலே இழுத்துப் படித்துவிட்டு, பதிலை எழுதிக் கீழே இறக்குவார். காவலாளி இல்லை, சிபாரிசு இல்லை, காத்திருப்பு இல்லை. அவர் காலத்து சுல்தான் முதலாம் சலீம். அமைச்சர்களின் தலையை அநாயாசமாக வாங்கியதால் ‘கடுமையானவர்’ என்று பெயர் பெற்றவர். ஒரு முறை கருவூல ஊழியர்கள் 150 பேரைக் கொல்ல சலீம் உத்தரவிட்டார். அலி எஃபெந்தி அழைப்பில்லாமலே அரசவைக்குப் போய், சுல்தானின் மறுமை வாழ்வைக் காப்பது முஃப்தியின் கடமை என்றும் இந்தக் கொலைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னாராம். ஆட்சிக் காரியத்தில் தலையிடாதே என்று சீறிய சலீம், கடைசியில் இறங்கிவந்தார். ஊழியர்கள் உயிர் பிழைத்தார்கள்.

அதே சலீம், சக முஸ்லிம்களான ஈரானிய ஷியாக்கள் மீது படையெடுக்க வேண்டியிருந்தபோது, அதை ஆகுமென்று சொல்லும் ஃபத்வாக்களும் அவருக்குத் தாராளமாகக் கிடைத்தன என்பதை இங்கே மறைக்கக் கூடாது. வாழ்த்தும் தடுப்பும் ஒரே வகுப்பாரிடமிருந்துதான் வந்தன.

அந்தப் படையெடுப்பு முடிந்த இடம் சால்திரான். 1514 ஆகஸ்ட் 23. எதிரில் நின்றவர் சஃபவி அரசைத் தொடங்கிய ஷா இஸ்மாயில். 1501-இல் தப்ரீஸ் நகரில் முடிசூட்டிக்கொண்டபோது வயது 14 இருக்கும். பெரும்பாலும் சன்னிகள் வாழ்ந்த நாட்டில் பன்னிரு இமாம்களின் ஷியா மார்க்கத்தை அரச மார்க்கமாக அறிவித்தவர். அவருடைய வீரர்கள் பன்னிரண்டு மடிப்பு வைத்த சிவப்புத் தொப்பி அணிந்த துர்க்மானியர்கள். தலைப்பாகையின் நிறத்தால் ‘கிஸில்பாஷ்’, செந்தலையர் எனப்பட்டார்கள். இஸ்மாயிலை அவர்கள் வெறும் அரசராகப் பார்க்கவில்லை, இறையருள் குடிகொண்ட குருவாகவே பார்த்தார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கவசம் இல்லாமல் களத்தில் இறங்கியவர்கள் உண்டு. அன்று சலீமின் பீரங்கிகளும் ஜானிசரிக் காலாட்படையினரின் துப்பாக்கிகளும் அவர்களைக் கொன்று குவித்தன. இஸ்மாயில் பிழைத்து ஓடினார். அதன்பின் பத்து ஆண்டு வாழ்ந்தும் படைக்குத் தலைமையேற்று அவர் களம் காணவில்லை. தோல்வியே காணாதவர் என்ற நம்பிக்கையில் கட்டிய அரசு, முதல் தோல்விக்குப் பிறகு தன்னைத் தாங்க வேறொரு தூணைத் தேட வேண்டியதாயிற்று. லெபனானின் ஜபல் ஆமில் மலைநாட்டிலிருந்து ஷியா அறிஞர்களை வரவழைத்து, சட்டமும் பள்ளியும் நீதிமன்றமும் அமைத்தார்கள். குருவின் இடத்தில் சட்ட அறிஞர் வந்து உட்கார்ந்தார்.

மூன்று பேரரசுகளும் எழுந்த விதம் ஏறக்குறைய ஒன்றுதான். குதிரையேறிய குடிகளின் வீரம், வெடிமருந்து, அவற்றுக்கு மேல் ஒரு மார்க்க உரிமை. 1453-இல் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்ததும், 1526-இல் பானிபட்டில் பாபர் வென்றதும் பள்ளிப் பாடங்களில் வருவதால் அவற்றை விரிக்க வேண்டியதில்லை. பிடித்த நாட்டை வைத்துக்கொள்ள வாள் போதாது என்று அந்த அரசுகள் தாமே நம்பின என்பதுதான் கவனிக்க வேண்டியது. பாரசீக அறநூல்களிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட கருத்து ஒன்று உண்டு, ‘நீதி வட்டம்’. படை இல்லாமல் அரசு இல்லை. பணம் இல்லாமல் படை இல்லை. உழுகிறவன் நன்றாக வாழாமல் பணம் இல்லை. நீதி இல்லாமல் உழுகிறவன் வாழ மாட்டான். நீதியைக் காப்பது அரசு. உதுமானிய அறிஞர் கினாலிஸாதே அலி 16-ஆம் நூற்றாண்டில் தன் அறநூலில் இதை வட்டமாகவே அமைத்துக் காட்டினார். எந்த இடத்தில் அறுந்தாலும் சக்கரம் முழுவதும் உருண்டு விழும். இந்த வட்டத்தில் அரசன் எத்தனை வேளை தொழுதான் என்ற கணக்குக்கு இடமில்லை என்பதைப் பார்க்க வேண்டும். எழுதியவரோ ஆழ்ந்த மார்க்கப் பற்றுள்ள காஜி, அதாவது நீதிபதி.

அவருக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே துனிஸ் நகரத்து இப்னு கல்தூன் இதை இன்னும் கூர்மையாகப் பார்த்திருந்தார். 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில், அரச வம்சங்களுக்கு மனிதனைப்போல ஆயுள் உண்டு, பொதுவாக மூன்று தலைமுறை, ஏறத்தாழ 120 ஆண்டு என்றார். பாலைவனத்தில் ஒன்றாகப் பசித்திருந்த குழுவின் பிணைப்பு வெற்றியைத் தருகிறது. நகரத்துச் சுகம் அந்தப் பிணைப்பைக் கரைக்கிறது. தொடக்கத்தில் வரி குறைவு, வருமானம் அதிகம். முடிவில் வரி அதிகம், வருமானம் குறைவு. 18-ஆம் நூற்றாண்டில் இந்நூலின் பெரும் பகுதியை பீரிஸாதே மெஹ்மத் சாஹிப் துருக்கியில் பெயர்த்தார். பின்னாளில் அவரே தலைமை முஃப்தி ஆனார். தங்கள் அரசுக்கும் முதுமை வரும் என்று சொல்லும் நூலைத் தங்கள் கையாலேயே மொழிபெயர்த்துக்கொண்ட நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் நேர்மை எல்லா இடத்திலும் இல்லை. உதுமானிய அரச குடும்பத்தில் முடிசூடுபவர் தன் சகோதரர்களைக் கொல்லும் வழக்கம் இருந்தது. இரண்டாம் மெஹ்மத் பெயரில் உள்ள சட்டத் தொகுப்பு, உலக ஒழுங்குக்காக அதை அனுமதிக்கிறது, பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அதற்கு இசைந்ததாகவும் சேர்த்துச் சொல்கிறது. 1595-இல் மூன்றாம் மெஹ்மத் அரியணை ஏறியபோது 19 சகோதரர்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். தகப்பனின் சவப்பெட்டிக்குப் பின்னால் அடுத்த நாள் 19 சவப்பெட்டிகள் போனதை இஸ்தான்புல் மக்கள் நின்று பார்த்தார்கள். உள்நாட்டுப் போரில் ஆயிரம் பேர் சாவதைவிட இது மேல் என்பது வாதம். குற்றம் செய்யாத ஒரு குழந்தையைக் கொல்வதற்கு எந்த மார்க்கச் சட்டத்திலும் இடமில்லை என்பதை ஓத வேண்டிய நாவுகள் அன்று பேசவில்லை. அந்த மௌனத்தை அறிஞர்களின் பெருந்தவறு என்றே சொல்ல வேண்டும்.

சுல்தான் சுலைமான் காலத்துத் தலைமை முஃப்தி அபுஸ்ஸுஊத் எஃபெந்தி இந்த இரட்டை முகத்தின் முழு வடிவம். 1545 முதல் 1574-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தவர். அரசரின் ஆணைச் சட்டத்தையும் ஷரீஅத்தையும் இசைய வைத்த மேதை. ரொக்கப் பணத்தை வக்ஃபு செய்து, அதைக் கடனுக்கு விட்டு, வரும் வருமானத்தில் பள்ளிவாசலுக்கு விளக்கேற்றும் வழக்கம் அன்று பரவியிருந்தது. வட்டிதானே இது என்று பிர்கி என்ற சிற்றூர் ஆசிரியர் பிர்கிவி மெஹ்மத் கடுமையாக எதிர்த்தார். மக்கள் வழக்கத்தையும் நன்மையையும் கருதி அபுஸ்ஸுஊத் அதை அனுமதித்தார். ஏழைகளின் நலனைப் பார்த்த தீர்ப்பு அது. அதே கை, வெனிஸுடன் செய்திருந்த சமாதான உடன்படிக்கையை மீறி சைப்ரஸைத் தாக்கலாம் என்றும் 1570-இல் எழுதிக்கொடுத்தது. கொடுத்த வாக்கைக் காப்பது பற்றி மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

17-ஆம் நூற்றாண்டு வந்தது. வெள்ளி நாணயத்தின் மதிப்பு சரிந்தது, அனத்தோலியாவில் கலகங்கள், சிறுவயது சுல்தான்கள், 1622-இல் இரண்டாம் உஸ்மானை ஜானிசரிகளே கொன்றார்கள். என்ன கோளாறு என்று எல்லோரும் கேட்டார்கள். காதிஸாதே மெஹ்மத் என்ற பிரசங்கி ஒரு பதில் வைத்திருந்தார். காப்பி, புகையிலை, தர்வேஷ்களின் சுழலாட்டம், கல்லறை வழிபாடு, நபிகள் காலத்தில் இல்லாத எல்லாம் பாவம், அந்தப் பாவம்தான் பேரரசைத் தின்கிறது என்றார். பள்ளிவாசலில் இடம் கொள்ளாத கூட்டம். நான்காம் முராதுக்கும் இந்தப் பேச்சு உதவியாக இருந்தது. 1633-இல் காப்பிக்கடைகளை மூடினார், புகைத்தவர்களைக் கொன்றார். காப்பிக்கடை என்பது மக்கள் கூடி அரசைப் பற்றிப் பேசும் இடம். முராதோ மது அருந்துபவர்.

அதே காலத்தில், பாதை ஒழுங்காக இல்லை என்று இஸ்னிக் நகரத்து காஜியை முராத் தூக்கிலிட்டார். ஒரு நீதிபதியை விசாரணையின்றிக் கொல்வதா என்று தலைமை முஃப்தி அகிஸாதே ஹுசைன் எஃபெந்தி முராதின் தாய்க்கு எழுதினார். 1634 தொடக்கத்தில் அவரும் கொல்லப்பட்டார். உதுமானிய வரலாற்றில் அரசரின் ஆணையால் கொல்லப்பட்ட முதல் தலைமை முஃப்தி அவர்தான். காப்பி குடிப்பவனை நோக்கிக் ‘கூடாது’ என்ற பிரசங்கி அரசரின் அன்புக்குரியவராக இருந்தார். அரசரின் செயலைக் ‘கூடாது’ என்றவருக்குக் கயிறு கிடைத்தது. இந்த ஒரு சம்பவத்தில் அந்த நூற்றாண்டின் கதை இருக்கிறது.

இதையெல்லாம் கருவூலத்துக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், காத்திப் செலெபி. ‘காத்திப்’ என்றால் எழுத்தர். இளமையில் காதிஸாதேயின் பிரசங்கத்தைக் கேட்டவர். 1653-இல், அரசின் கருவூலம் ஏன் காலியாகிறது என்று ஆராய்ந்து ஒரு குறிப்பு எழுதினார். அரசு ஓர் உடல், அறிஞர், படையினர், வணிகர், குடிகள் நான்கும் அதன் நான்கு உடல் நீர்கள், குடிகள் வாடினால் வயிறு காலியாகும் என்ற வைத்திய மொழியில் பேசினார். சாவதற்கு முந்தைய ஆண்டான 1656-இல், ‘உண்மையின் தராசு’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய நூலில், காப்பி, புகையிலை, ஆட்டம், பாட்டு என்று ஊரைப் பிளந்த ஒவ்வொரு சண்டையையும் எடுத்துத் தராசில் வைத்தார். மக்களிடம் வேரூன்றிய பழக்கத்தை அடித்துப் பிடுங்க முடியாது, முயன்றால் கலகம்தான் மிஞ்சும், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று துருவுவது அறிஞனின் வேலை அல்ல என்பது அவர் நிலை. அதே 1656-இல் காதிஸாதே கூட்டத்தார் நகரத்துத் தர்வேஷ் மடங்களை எல்லாம் இடிக்கத் திரண்டார்கள். புதிய பிரதம அமைச்சர் கொப்ருலு மெஹ்மத், தலைவர்களைப் பிடித்து சைப்ரஸுக்கு நாடு கடத்தினார்.

முடிந்ததா? இல்லை. அடுத்த தலைமுறையில் வானி எஃபெந்தி என்ற பிரசங்கி நான்காம் மெஹ்மதின் அரண்மனைக்குள்ளேயே இடம் பிடித்தார். 1683-இல் வியன்னா முற்றுகைக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். முற்றுகை தோற்றது, வானி எஃபெந்தி துரத்தப்பட்டார், 1699-இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் ஹங்கேரியின் பெரும்பகுதி கைநழுவியது. அந்தக் காலத்தில் இஸ்தான்புல்லில் ‘தொட்டில் உலமா’ என்ற சொல் புழங்கியது. பெரிய முல்லாக்களின் பிள்ளைகளுக்குத் தொட்டிலில் கிடக்கும்போதே பட்டமும் சம்பளமும் கிடைத்ததால் வந்த பெயர். தலைமை முஃப்தி ஃபைஸுல்லா எஃபெந்தி தன் மகன்களையும் உறவினர்களையும் உயர்ந்த பதவிகளில் நிரப்பினார். 1703 கலகத்தில் மக்களும் படையினரும் சேர்ந்து அவரைக் கொன்றார்கள். கூடை தொங்கிய சன்னலிலிருந்து இந்த இடத்துக்கு வர 200 ஆண்டு போதுமாக இருந்தது.

இஸ்ஃபஹானுக்குத் திரும்புவோம். அந்த நகரத்தை 1598-இல் தலைநகராக்கியவர் முதலாம் ஷா அப்பாஸ். செந்தலையர் குழுக்களை அடக்க, ஜார்ஜிய, அர்மேனிய, சர்க்கேசிய இளைஞர்களை மதம் மாற்றிப் புதிய படை அமைத்தார். ஜுல்ஃபா நகரத்து அர்மேனியரை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்தார். வழியில் எண்ணற்றோர் செத்தார்கள். பிழைத்தவர்களுக்கு ஆற்றங்கரையில் புது ஜுல்ஃபாவும் தேவாலயங்களும் பட்டு வணிகமும் கொடுத்தார். அந்தப் பட்டுப் பணம்தான் அரசைத் தாங்கியது. அவர் செய்த பெருங்கேடு வீட்டுக்குள் நடந்தது. சந்தேகத்தால் மூத்த மகனைக் கொன்றார், மற்ற இரு மகன்களின் கண்ணைக் குருடாக்கினார். அதன்பின் அரச குமாரர்கள் அந்தப்புரத்துச் சுவர்களுக்குள் வளர்ந்தார்கள். குதிரையும் ஊரும் வழக்கும் வரியும் தெரியாமல் வளர்ந்தவர்களின் வரிசையில் கடைசி ஆள் சுல்தான் ஹுசைன்.

அவருடைய வழிகாட்டி முகம்மது பாக்கிர் மஜ்லிசி. ஷியா நபிமொழிகளைத் தொகுத்த மாபெரும் அறிஞர், உழைப்பில் ஈடிணையற்றவர். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர் பெற்ற அதிகாரம் வேறு விதமாகப் பாய்ந்தது. முந்தைய தலைமுறையில் முல்லா சத்ரா போன்ற தத்துவ ஞானி வாழ்ந்த நாட்டில் தத்துவமும் சூஃபியமும் சந்தேகத்துக்கு உள்ளாயின. ஜொராஸ்டிரியரும் யூதரும் எல்லைப்புறத்துச் சன்னிகளும் நெருக்கப்பட்டார்கள். கந்தஹாரில் சன்னி ஆப்கானியர்மீது ஆளுநர் குர்கின் கான் கொடுமை செய்தார். அந்த ஆப்கானியரின் கில்ஸாய் குலத் தலைவர் மீர் வைஸ் இஸ்ஃபஹானுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசவையின் சோர்வை நேரில் பார்த்தார். அங்கிருந்து மக்காவுக்கு ஹஜ் போய், ஷியா அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழலாம் என்ற ஃபத்வாவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். 1709-இல் ஆளுநர் கொல்லப்பட்டார். 1722 மார்ச்சில், மீர் வைஸின் மகன் மஹ்மூத், குல்னாபாத் களத்தில் தன்னைவிடப் பெரிய ஈரானியப் படையை முறியடித்தார்.

குப்பிகளை உடைத்த அரசவை, குர்கின் கானை மாற்றவில்லை. முதல் கேள்விக்கு இதுதான் பதிலின் பெரும்பகுதி. பக்தி அந்த அரசரைக் கைவிடவில்லை. பக்தியின் பெயரால் அவரிடம் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை.

இதைக் கொண்டு இஸ்லாம்தான் இந்த அரசுகளைக் கெடுத்தது என்று முடிவு கட்டுவது தவறு. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எழுத்தாளர்கள் பலர் அப்படி எழுதினார்கள், காலனி ஆட்சிக்கு அது வசதியாகவும் இருந்தது. மூன்று அரசுகளின் மார்க்கம் ஒன்று, முடிவுகளோ மூன்று விதம். சஃபவி அரசு ஒரே அடியில் விழுந்தது. முகலாய அரசு ஹைதராபாத், வங்காளம், அவத், ஆற்காடு என்று பிரிந்தது, அவற்றில் சில செழித்தன. உதுமானிய அரசு சுலைமானுக்குப் பிறகும் 350 ஆண்டுக்கு மேல், 1922 வரை நின்றது. சுலைமான் இறந்த 1566 தொட்டு அது தேய்ந்துகொண்டே இருந்தது என்ற பழைய கதையை இன்றைய வரலாற்று ஆசிரியர்கள் ஏற்பதில்லை. 1492-இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களை ஏற்றுக் குடியமர்த்தியதும் இதே அரசுதான்.

இந்துஸ்தானத்தில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 1564-இல் அக்பர், முஸ்லிம் அல்லாதவர்கள்மீது இருந்த ஜிஸ்யா வரியை நீக்கினார். 1575-இல் ஃபதேபூர் சிக்ரியில் வழிபாட்டு மன்றம் கட்டி, உலமாக்களைப் பேசவைத்துக் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் காஃபிர் என்று ஏசிக்கொண்டதைக் கேட்டு வெறுத்துப்போனார். மக்தூமுல் முல்க் பட்டம் பெற்ற பெரிய அறிஞர் ஒருவர், ஜகாத் கொடுக்காமல் தப்பிக்க ஆண்டு முடியுமுன் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிடுவார் என்று அவர் காலத்து வரலாற்றாசிரியர் பதாயுனியே எழுதிவைத்திருக்கிறார். 1579-இல் அறிஞர்கள் கையெழுத்திட்ட ஓர் ஆவணம், கருத்து வேறுபாடு வந்தால் எதை ஏற்பது என்று முடிவு செய்யும் உரிமையை அக்பருக்கே கொடுத்தது. எல்லோரோடும் சமாதானம் என்ற ‘சுல்ஹ்-இ-குல்’ கொள்கை அந்த விடுதலையில் மலர்ந்தது. இந்திய வரலாற்றின் பெருமைகளில் ஒன்று அது.

ஆனால் அந்த ஆவணத்தில் ஒரு பள்ளமும் இருந்தது. அரசரைத் தடுக்கும் கை இனி வெளியே எதுவும் இல்லை. அக்பரின் மனசாட்சியே காவல். மனசாட்சியை அரியணையோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த தாரா ஷுகோ 1659-இல் தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். மார்க்கத்திலிருந்து விலகியவர் என்று குற்றம் சாட்ட அறிஞர்கள் கிடைத்தார்கள். 1679-இல் அக்பரின் கொள்ளுப்பேரன் ஔரங்கசீப் ஜிஸ்யாவை மீண்டும் விதித்தார். வரியை நீக்கக் கோரி டெல்லிக் கோட்டைக்கும் ஜும்ஆ பள்ளிக்கும் இடையில் கூடிய மக்கள்மீது யானைகள் ஏவப்பட்டன.

ஔரங்கசீப்பை ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியாது. காசியிலும் மதுராவிலும் கோயில்களை இடித்தவர், வேறு கோயில்களுக்கு மானியமும் கொடுத்தவர். உயர் அதிகாரிகளில் இந்துக்களின் பங்கு அக்பர் காலத்தில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். ஔரங்கசீப்பின் பிற்காலத்தில் மூன்றில் ஒன்றை நெருங்கியது. அவரை அழித்தது தக்காணப் போர். 1681-இல் தெற்கே வந்தார், பீஜப்பூர், கோல்கொண்டா, பிறகு மராட்டியர். மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சிக்கு வந்து புகுந்ததால் போர் தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1690 முதல் 1698 வரை சுல்ஃபிகார் கானின் படை செஞ்சியின் மூன்று குன்றுகளைச் சுற்றிக் கிடந்தது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, முன்பே தப்பிவிட்டார். ஆற்காட்டு நவாபுகளின் வரிசை சுல்ஃபிகார் கானிலிருந்துதான் தொடங்குகிறது. எட்டு ஆண்டு ஒரு பேரரசின் படையை அந்தப் பாறைகளின் அடியில் தீனி போட்டு வைத்த செலவை யார் கொடுத்தார்கள்? உழவர்கள் கொடுத்தார்கள். வரி வசூலிக்கும் உரிமை பெற்று, இடமாற்றம் எப்போது வருமோ என்று தெரியாத ஜாகிர்தார்கள், இருக்கும்வரை கறந்தார்கள்.

இதை மிகத் தெளிவாகச் சொன்னவர் டெல்லியின் ஷா வலியுல்லா. 1703-இல் பிறந்தவர். அவருடைய தந்தை ஷா அப்துர் ரஹீம், ஔரங்கசீப் தொகுப்பித்த ‘ஃபதாவா-இ-ஆலம்கீரி’ சட்டத் தொகுப்பில் சிறிது காலம் பணிபுரிந்து, பிறகு விலகித் தன் மதரசாவில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1739-இல் ஈரானிலிருந்து வந்த நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியபோது வலியுல்லா அந்த நகரத்தில் வாழ்ந்தவர். நாடு பாழாவதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. வேலை செய்யாமல் கருவூலத்தில் தொங்கிக்கொண்டு வாழும் கூட்டம், உழவர்மீதும் வணிகர்மீதும் கைவினைஞர்மீதும் சுமத்தப்படும் தாங்க முடியாத வரி. அந்தக் கூட்டத்தில் படையினரோடு உலமாக்களையும் துறவிகளையும் சேர்த்தே எழுதினார். குர்ஆனைப் பாரசீகத்தில் பெயர்த்த ஒரு மார்க்க மேதை, வீழ்ச்சிக்குக் காரணம் தேடும்போது வரிக்கணக்கைப் பார்த்தார் என்பது சிறிய செய்தி அல்ல. ஆப்கானிய அகமது ஷா அப்தாலியை உதவிக்கு அழைத்தவரும் அவர்தான் என்பது வருத்தமான செய்தி. வெளியிலிருந்து வரும் வாள் நீதியைக் கொண்டுவரும் என்று நம்பினார். 1761 பானிபட் போருக்குப் பிறகும் டெல்லிக்கு வந்தது கொள்ளைதான்.

கடைசியாக, காஜிகளான ஒரு தந்தையும் மகனும். 1658-இல் தந்தை ஷாஜஹான் உயிரோடு இருக்கும்போதே ஔரங்கசீப் முடிசூட்டிக்கொண்டார். தலைமைக் காஜி அதை ஏற்க மறுத்தார். குஜராத்திலிருந்து வந்த அப்துல் வஹாப் என்பவர், ஷாஜஹான் உடல் தளர்ந்து ஆளும் திறன் இழந்துவிட்டதால் மகன் அரியணை ஏறலாம் என்று சட்டம் காட்டினார். அடுத்த தலைமைக் காஜி அவரே. பதவியில் பெரும் பணம் சேர்த்தார். அவர் இறந்ததும் மகன் ஷேக்குல் இஸ்லாம் அந்த இடத்துக்கு வந்தார். தந்தை சேர்த்த செல்வத்தில் ஒரு காசும் தொடவில்லை. பீஜப்பூர், கோல்கொண்டா இரண்டும் முஸ்லிம் அரசுகள், அவற்றின்மீது போர் தொடுப்பது மார்க்கப்படி ஆகுமா என்று ஔரங்கசீப் அவரைக் கேட்டார். ஆகாது என்றார். பதவியைத் துறந்தார், மக்காவுக்குப் போனார்.

முகலாயப் பேரரசுக்கு அந்த நூற்றாண்டில் கிடைத்த மிக நல்ல ஆலோசனை அது. வேறொரு காஜி அமர்த்தப்பட்டார். பீஜப்பூர் 1686-இலும், கோல்கொண்டா 1687-இலும் விழுந்தன. ஔரங்கசீப் 1707-இல் அகமதுநகரில் இறந்தார். தக்காணத்துக்கு வந்த பிறகு அவர் டெல்லியைத் திரும்பப் பார்க்கவே இல்லை.